டயட் என்று தொடங்கியது, நிற்கவில்லை

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. எட்டு மாதத்துக்கு முன் “கொஞ்சம் எடை குறைக்கிறேன்” என்று ஆரம்பித்தாள். முதலில் இனிப்பை விட்டாள், அடுத்து எண்ணெய், அப்புறம் இரவுச் சாப்பாடு. இதுவரை 9 கிலோ குறைந்துவிட்டது. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. எந்நேரமும் குளிர்கிறது என்கிறாள். படிப்பில் எப்போதும் முதலிடம், அதில் குறையே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் “எவ்வளவு அழகாயிட்டே!” என்கிறார்கள். எனக்கு மட்டும் பயமாக இருக்கிறது. இணையத்தில் தேடியபோது, தன்னையே பட்டினி போட வைத்து ஆபத்தான அளவுக்கு எடை இழக்கச் செய்யும் நோய் என்று அனோரெக்ஸியா நெர்வோசா என்ற பெயர் கண்ணில் பட்டது. அது அபூர்வமான நோய் என்று ஓரிடத்திலும், வீட்டுக்கு வீடு இருக்கிறது என்று இன்னோரிடத்திலும் போட்டிருந்தது. எது உண்மை? செல்போன்தான் காரணமா? கணவர் “வயசுக் கோளாறு, தானே சரியாகும்” என்கிறார். நான் வளர்த்த விதம் தப்பா? 11 வயது மகனும் இப்போது தட்டைப் பார்த்துத் தயங்குகிறான்.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. கேள்விகளுக்கு வருவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்த வாரமே மகளை ஒரு குழந்தைநல மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ காட்டுங்கள். மனநல மருத்துவரிடமும் கூடவே நாள் வாங்கிவிடுங்கள், ஒன்று முடியட்டும் என்று இன்னொன்றைத் தள்ளிப்போட வேண்டாம். வளர வேண்டிய வயதில் 9 கிலோ போயிருக்கிறது, மாதவிலக்கு நின்றிருக்கிறது, உடம்பில் சூடு தங்கவில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள உடல் மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருகிறது என்றுதான் இதற்கு அர்த்தம்.

மருத்துவர் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பார். உடல் வெப்பம், இசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம், சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். எடை குறைவதற்கும் மாதவிலக்கு நிற்பதற்கும் வேறு நோய்களும் காரணமாகலாம், அவற்றை விலக்குவதற்கும் இந்தப் பரிசோதனைகள் தேவை. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்த நோயில் நிலைமை மோசமாக இருக்கும்போதுகூட ரத்தப் பரிசோதனை பல சமயம் சரியாகவே வரும். “ரிப்போர்ட் நார்மல்” என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு நிம்மதியாகி வீடு திரும்பிய பெற்றோர், மாதக்கணக்கில் நேரத்தை இழந்துவிடுகிறார்கள்.

வீட்டில் நீங்களே நாடி பார்க்கலாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, மணிக்கட்டில் விரல் வைத்து முழு 60 வினாடி எண்ணுங்கள். விழித்திருக்கும்போது 50-க்குக் கீழே இருந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, தரையில் குந்தி உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றாலோ, தண்ணீரைக்கூட மறுத்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, வாங்கிவைத்த நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இப்போது எண்ணிக்கை. நீங்கள் படித்த இரண்டுமே பாதி உண்மை. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. அமெரிக்காவில் வீடுவீடாக எடுத்து 2007-இல் வெளியான கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒருமுறையாவது அனோரெக்ஸியா வந்தவர்கள் பெண்களில் 0.9 சதவீதம், ஆண்களில் 0.3 சதவீதம். ஸ்வீடனில் இரட்டையர்களிடம் எடுத்த கணக்கில் பெண்களில் 1.2 சதவீதம். பின்லாந்தில் 2.2 சதவீதம். ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் 4 சதவீதம் வரை சொல்கிறார்கள். ஆகவே நூறு பெண்களில் ஒருவர் முதல் நான்கு பேர் வரை, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில். ஒரு குறிப்பிட்ட நாளில் நோயோடு இருப்பவர்கள் இதைவிடக் குறைவு. ஆனால் நோய் பெரும்பாலும் தொடங்குவது 14 வயதுக்கும் 19 வயதுக்கும் இடையில்தான், உங்கள் மகள் நிற்கும் இடத்தில்.

பின்லாந்துக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது சதவீதம் அல்ல. அங்கே கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்த நோய் இருந்தது எந்த மருத்துவருக்கும் தெரிந்திருக்கவில்லை. சுகாதார வசதி நன்றாக இருக்கும் நாட்டிலேயே அப்படி. பையன்கள் இன்னும் அதிகமாகத் தவறவிடப்படுகிறார்கள், காரணம் அவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை. பணக்காரப் பெண்களுக்கு வருவது என்று ஒரு நினைப்பு வெகுகாலமாக இருக்கிறது, அதுவும் ஏழை வீட்டுப் பிள்ளைகளைத் தவறவிடுவதற்குத்தான் உதவியிருக்கிறது.

“வீட்டுக்கு வீடு” இருப்பது வேறு: டயட், வேளையைத் தவிர்ப்பது, சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்வில் தவிப்பது. அள்ளிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்ட முயலும் புலிமியாவும், அளவில்லாமல் உண்ணும் கோளாறும் அனோரெக்ஸியாவைவிட அதிகம் பேருக்கு இருக்கின்றன. இன்னொரு கூட்டமும் உண்டு. கனமான உடம்போடு தொடங்கி, வேகமாக எடை இழந்து, பார்வைக்குச் சாதாரண எடையில் இருப்பவர்கள். அனோரெக்ஸியாவின் பயமும் பட்டினியும் முழுதாக இருக்கும், ஒல்லி மட்டும் இருக்காது. இவர்களுக்கும் நாடித் துடிப்பு இறங்கும், இதயம் பாதிக்கும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேடு இவர்களைத் தனியாகக் குறிப்பிடுகிறது. மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் அதே கையேடு எடுத்துவிட்டது. எனவே, எடையையோ மாதவிலக்கையோ மட்டும் வைத்து “அதெல்லாம் இல்லை” என்று யாராவது முடித்துவிட்டால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும் ஆபத்து சிறியது இல்லை. அதே வயதினரோடு ஒப்பிட்டால் இந்த நோயாளிகள் இறக்கும் விகிதம் ஐந்து முதல் ஆறு மடங்கு. அந்த மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தற்கொலை. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள், பயமுறுத்துவதற்காக அல்ல, “தானே சரியாகும்” என்ற பேச்சை நிறுத்துவதற்காக.

செல்போன்தான் காரணமா? லண்டனில் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற மருத்துவர் 1689-இலேயே இப்படிப்பட்ட நோயாளிகளை விவரித்திருக்கிறார். 1873-இல் இங்கிலாந்தில் வில்லியம் கல்லும் பிரான்சில் சார்ல்ஸ் லசேக்கும் தனித்தனியாக எழுதினார்கள். அப்போது செல்போனும் இல்லை, சினிமாவும் இல்லை. ஆகவே சமூகம் இந்த நோயை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து உண்டாக்குவதில்லை. அது செய்வது வேறு வேலை: பட்டினி கிடக்கத் தொடங்குகிறவர்களின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது.

பிஜித் தீவுகளில் பருமனான உடம்பே வளத்துக்கும் அக்கறைக்கும் அடையாளமாக இருந்தது. அங்குள்ள நந்த்ரோங்கா பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. வந்த புதிதில் பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, எடையைக் குறைக்க வாந்தியெடுப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. 1998-இல் அதே வயது மாணவிகளிடம் கேட்டார்கள். 11.3 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். மூன்றே வருடம். அவர்கள் எல்லாருக்கும் அனோரெக்ஸியா என்று சொல்ல முடியாது. ஆனால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 14, 15 வயது மாணவிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வையும் சேர்த்துப் பாருங்கள். கடுமையாக டயட் இருந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் ஏதோ ஓர் உணவுக் கோளாறு வரும் வாய்ப்பு, டயட்டே இல்லாதவர்களைவிட 18 மடங்கு. மிதமாக இருந்தவர்களுக்கு 5 மடங்கு. ஆயிரம் பேர் டயட் தொடங்கினால், எப்படிப்பட்ட பெண்ணுக்கு அதை நிறுத்தத் தெரியாதோ அவளும் அந்த ஆயிரத்தில் ஒருத்தியாக இருப்பாள். டயட் என்ற பேச்சே இல்லாத இடத்தில் அவள் ஒருவேளை தொடங்கியிருக்கவே மாட்டாள்.

சமூகம் இன்னொன்றும் கொடுக்கிறது: காரணம். ஹாங்காங்கில் 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் சிகிச்சைக்கு வந்த அனோரெக்ஸியா நோயாளிகளில் பலர் குண்டாகிவிடுவோம் என்று பயப்படவில்லை. வயிறு உப்புசம், பசியில்லை என்றுதான் சொன்னார்கள். பிற்பாடு வந்தவர்களிடம் குண்டு பற்றிய பயமே மேலோங்கியது. பட்டினி அதே பட்டினிதான், அதற்குச் சொல்லும் காரணம் காலத்தோடு மாறியது. அதனால் உங்கள் மகள் “எனக்கு ஒல்லியாக ஆசையில்லை, சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான்” என்று சொன்னாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, விருந்தினர்களின் பாராட்டு. எல்லாவற்றையும் சரியாகச் செய்ய வேண்டும் என்று தன்னையே விரட்டும் ஒரு பெண், முதல் இரண்டு கிலோ குறைந்ததும் என்ன கேட்கிறாள்? “அழகாயிட்டே.” அவள் காதில் இரண்டு செய்திகள் விழுகின்றன: முன்பு நான் அழகாக இல்லை, இதை நிறுத்தினால் மறுபடி அங்கே போய்விடுவேன். அடுத்த பாராட்டு அடுத்த இரண்டு கிலோவுக்குக் கிடைக்கிறது. வேறு எந்த உயிர்க்கொல்லி நோயின் அறிகுறிக்கும் இப்படிக் கைதட்டல் கிடைக்காது. உடம்பைக் கேலி செய்வது இதன் மறுபக்கம். வகுப்பில் எல்லார் முன்னாலும் எடை பார்த்துச் சத்தமாகச் சொல்வது, பள்ளியில் கலோரி கணக்குப் போட்டு வரச் சொல்வது, “ஒரு சுற்று குறைந்தால் மேடையில் எடுப்பாக இருப்பாய்” என்று பயிற்சியாளர் சொல்வது, இவையும் அதே கணக்கில் சேரும். உடம்பின் வடிவத்தை வைத்து மதிப்பிடும் துறைகளில் நோய் கூடுகிறது. பாலே நடனக் கலைஞர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு அனோரெக்ஸியா இருப்பதாக ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. விளம்பர மாடல்கள் விஷயத்தில் அரசுகளே தலையிட வேண்டி வந்தது. மாட்ரிட் பேஷன் வாரத்தில் 2006-இல் மிகவும் ஒல்லியான மாடல்களுக்குத் தடை வந்தது, இஸ்ரேலில் 2012-இல் சட்டம் வந்தது. பிரான்சில் 2017 முதல் மாடல்களுக்கு மருத்துவச் சான்று கட்டாயம். திருத்திய படத்தில் ‘திருத்தியது’ என்று போடவும் வேண்டும்.

செல்போனின் பங்கு, பாராட்டையும் ஒப்பீட்டையும் இடைவிடாமல் ஆக்கியது. உடற்பயிற்சி வீடியோ ஒன்றை முழுதாகப் பார்த்தால் அடுத்தது எடைக் குறைப்பு, அதற்கடுத்தது எலும்பு தெரியும் உடம்பு. பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்குத் தன் உடம்பைப் பற்றிய எண்ணத்தை இன்ஸ்டாகிராம் மேலும் மோசமாக்குகிறது என்று பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணமே சொன்னது 2021-இல் வெளியே வந்தது. போனைப் பிடுங்கி வைத்தால் சண்டைதான் மிஞ்சும். பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கங்களைப் பின்தொடர்வதை நிறுத்துவது என்று சேர்ந்து பாருங்கள். கலோரி எண்ணும் செயலி, காலடி எண்ணும் செயலி, நடையை அளக்கும் கைப்பட்டை ஆகியவற்றுக்கு மட்டும் விவாதம் வேண்டாம், எடுத்துவிடுங்கள். வீட்டிலுள்ள எடைக் கருவியையும் அப்புறப்படுத்துங்கள்.

வளர்ப்பு பற்றிக் கேட்டீர்கள். இரட்டையர் ஆய்வுகளின்படி இந்த நோய் வருவதில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய 50 முதல் 60 சதவீதம். 2019-இல் சுமார் 17,000 நோயாளிகளை வைத்து நடந்த மரபணு ஆய்வு, மரபணுத் தொகுதியில் இந்த நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களைக் கண்டது. மனநோய்களோடு மட்டுமல்ல, உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் இந்த நோய்க்குத் தொடர்பு இருப்பதாக அது காட்டியது. முற்காலத்தில் மருத்துவர்கள் தாயைக் குற்றம் சாட்டினார்கள், குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தார்கள். அது தவறு. தாய்மாருக்கு அது பெரும் அநியாயம். பதின்வயதினருக்கு இன்று நம்மிடம் இருக்கும் சிகிச்சைகளில் அதிக ஆதாரம் உள்ளது, பெற்றோரையே பொறுப்பில் வைத்து நடத்தும் குடும்ப சிகிச்சைதான். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து, இந்த முறையில் 49 சதவீதம் பேர் முழுதாகக் குணமாகியிருந்தார்கள். தனியாக ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 23 சதவீதம்.

பேசிப் புரியவைத்துவிடலாம் என்றுதான் எல்லாப் பெற்றோரும் முதலில் முயல்கிறார்கள். அது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு ஒரு பழைய ஆய்வு விளக்கம் தருகிறது. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு 24 வாரம் அரைவயிற்று உணவு கொடுத்தார்கள். எடையில் கால்பங்கு போனது. அவர்கள் நாள்முழுக்க உணவையே நினைத்தார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள், தட்டிலிருப்பதைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் மென்றார்கள், எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கினார்கள், எப்போதும் குளிர்ந்தது. அவர்கள் யாருக்கும் அனோரெக்ஸியா கிடையாது. உங்கள் மகளிடம் நீங்கள் காணும் பிடிவாதத்தில் பெரும்பகுதி பட்டினியின் வேலை. பட்டினியில் இருக்கும் மூளைக்கு ஆலோசனை ஏறாது. அதனால் முதல் மருந்து சாப்பாடு.

எப்படி? மருத்துவர் பார்த்து, வீட்டிலேயே சாப்பிட வைக்கலாம் என்று சொன்ன பிறகு தொடங்குங்கள். பல வாரம் மிகக் குறைவாகச் சாப்பிட்ட உடம்புக்குத் திடீரென உணவு ஏறும்போது ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும். முதல் இரண்டு வாரத்தில் இந்த ஆபத்து அதிகம், அதனால் எவ்வளவில் தொடங்கி எவ்வளவு வேகத்தில் கூட்டுவது, எந்த நாளில் ரத்தம் பார்ப்பது என்பதை அவர் சொல்லட்டும். வீட்டில் இருந்து சிகிச்சை பெறும்போது வாரத்துக்கு அரை கிலோ அளவில் கூடினால் நல்ல வேகம்.

என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யுங்கள். அவளிடம் கேட்க வேண்டாம். கேட்டால் நோய்தான் பதில் சொல்லும். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிற்றுணவு, இடைவெளி மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. பரிமாறுவது நீங்களோ கணவரோ. அவள் சமையலறைக்குள் வந்து எண்ணெயைக் குறைப்பதற்கு இப்போதைக்கு இடம் கொடுக்காதீர்கள். ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சாப்பாட்டுக்கு அரை மணி, சிற்றுணவுக்குக் கால் மணி. முடிந்த பிறகு ஒரு மணி நேரம் கூடவே இருங்கள், கதை பேசலாம், படம் பார்க்கலாம். ஓட்டம், உடற்பயிற்சி எல்லாம் மருத்துவர் சொல்லும்வரை கிடையாது. பள்ளியில் சொல்லி விளையாட்டு வகுப்பிலிருந்தும் விலக்கு வாங்குங்கள், மதியச் சாப்பாட்டை ஓர் ஆசிரியர் முன்னால் சாப்பிட ஏற்பாடு கேளுங்கள்.

தட்டு முன்னால் அவள் அழுவாள். “என்னைக் குண்டாக்கப் பார்க்கிறீங்க” என்பாள். கலோரி விவாதத்துக்குப் போய்விட்டால் நீங்கள் தோற்றீர்கள், அதில் அவளுக்கு உங்களைவிட அதிகம் தெரியும். “பயமா இருக்குன்னு தெரியுதும்மா. நான் இங்கேயே இருக்கேன். அடுத்த வாய்.” இதற்கு மேல் வார்த்தை வேண்டாம். ஐந்து நிமிடம் மௌனம், மறுபடி “அடுத்த வாய்.” அரை மணியில் முடியவில்லை என்றால் விட்ட அளவுக்குச் சமமான சத்துப் பானம் கொடுங்கள். அதுவும் இறங்கவில்லை என்றால் திட்டாதீர்கள், அடுத்த வேளை வழக்கம்போல் வரும். ஒரு நாளுக்கு மேல் இப்படியே போனால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இந்த முறை எங்கே உடைகிறது என்றால், அம்மா உறுதியாக நிற்கும்போது அப்பா “பாவம், விடு” என்னும் இடத்தில். ஒரே ஒரு முறை விட்டால் அடுத்த பத்து வேளையும் அதற்கான போராட்டமாகிவிடும். அதனால் முதல் சந்திப்புக்கே கணவரையும் அழைத்துப் போங்கள். வருகிறவர்களுக்கு முன்னாலேயே போன் செய்து, உடம்பைப் பற்றி நல்லதாகவும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடை ஏறத் தொடங்கியபின் “முகம் தெளிஞ்சிருக்கு” என்று அன்பாகச் சொன்னாலும் அவளுக்குக் “குண்டாயிட்டே” என்றுதான் கேட்கும்.

மாத்திரை பற்றி ஒன்று. அனோரெக்ஸியாவைக் குணப்படுத்தும் மாத்திரை இல்லை. மாதவிலக்கை வரவைக்க என்று கருத்தடை மாத்திரை கொடுத்தால் ரத்தப்போக்கு வரும், எலும்பு தேய்வது நிற்காது, உடல் மீண்டதா என்பதும் தெரியாமல் போகும். யாராவது அதை எழுதிக் கொடுத்தால் காரணம் கேளுங்கள்.

எவ்வளவு காலம் ஆகும்? எடை சில மாதங்களில் திரும்பலாம், பயம் அதற்குப் பின்னும் பல மாதம் நிற்கும், முதல் ஆண்டில் மறுபடி சரியும் வாய்ப்பு அதிகம். பெரியவர்களாகச் சிகிச்சைக்கு வந்தவர்களையும் சேர்த்துத் தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 9 ஆண்டில் 31 சதவீதம் பேரும், 22 ஆண்டில் 63 சதவீதம் பேரும் குணமாகியிருந்தார்கள். உங்கள் மகளுக்கு 15 வயது, நோய் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. நோய் மூன்றாண்டைத் தாண்டாத பதின்வயதினருக்குச் சிகிச்சை நன்றாகப் பலிக்கிறது. அவசரப்படுத்துவது அதற்காகத்தான்.

மகனுக்கு உண்மையைச் சொல்லுங்கள்: அக்காவுக்கு ஒரு நோய், சாப்பிடப் பயமாக இருக்கிறது, சரிசெய்வது அப்பா அம்மா வேலை, அவன் வேலை இல்லை. அக்கா சாப்பிட்டாளா என்று அவனை வேவு பார்க்க விடாதீர்கள். அவன் தட்டைப் பற்றி யாரும் பேச வேண்டாம். 11 வயதில் எடை கூடிக்கொண்டே போக வேண்டும். அவனுடைய வளர்ச்சி அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். கோடு ஆறு மாதம் தட்டையாக நின்றாலே அவனையும் காட்டிவிடுங்கள்.